முடி கொட்டின குதிரைக்கு வாங்கின 26 இன்ச் இண்டஸ்ட்ரியல் ஃபேன்: 8 மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், 5-க்கு 4. அந்த ஒரு மார்க் ஏன் கொறஞ்சுச்சுன்னு கீழ வரும். ஒரு ஃபேனுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா ரிவ்யூன்னு கேக்காதீங்க, இது வீட்டு ஹால்ல வைக்க வாங்கினது இல்ல, குதிரைக்கு வாங்கினது, அதுவும் சூடு தணிக்க இல்ல, பிடரி முடியும் வால் முடியும் கொட்டினதுக்கு. ஆமா, முடி கொட்டினதுக்கு காத்தாடி. கோலாலம்பூர் ஜாலான் பாசார்ல கடைக்காரர் தவுக்கேகிட்ட இத சொன்னப்ப அவரும் இப்படித்தான் என்னை ஏற எறங்க பாத்தாரு.

எங்க அப்பா சைஸ் வேல பாத்தவரு, அதான் குதிரைங்கள பராமரிக்கிற வேல. அப்ப ரேஸ் கோர்ஸ் ஜாலான் அம்பாங்ல இருந்துச்சு, இப்ப இரட்டைக் கோபுரம் நிக்குதே அதே எடந்தான், அப்புறம் சுங்கை பெசிக்கு மாறினப்ப அப்பாவும் குதிரைங்களோட போயிட்டாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் வைக்கோலும் வேர்வையும் கலந்த ஒரு வாசம், அம்மா உள்ளயே விடாது, பின்னாடி பைப்புல குளிச்சுட்டுத்தான் வரணும். அப்பா போய் ரொம்ப நாள் கழிச்சு, எங்கேயோ அந்த வாசம் மூக்குல ஏறி, ரேஸ்ல இருந்து ரிட்டையரான ஒரு பொட்டக் குதிரைய நானும் என் ஆபிஸ் தோழியும் பாதிப் பாதி காசு போட்டு எடுத்துக்கிட்டோம். ரேஸ் பேரு என்னமோ வாயில நுழையாத இங்கிலீஷ் பேரு, நாங்க வெச்ச பேரு பாக்கியம். செவலக் கலரு, வயசு 9. கோலாலம்பூர் ஓரத்துல 12 குதிரை நிக்கிற ஒரு சின்ன ஸ்டேபல்ல மாச வாடகைக்கு நிக்குது, பின்பக்கம் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் புதரு. இந்த ஓடைய ஞாபகம் வெச்சுக்குங்க.

அங்க இருக்கிற சைஸ் மாமா அப்பாவோட வேல பாத்தவரு. எனக்கு 41 வயசாச்சு, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். போன வருஷம் அக்டோபர்ல மழை புடிச்சதும் ஒரு நாள் போன் பண்ணி, பாப்பா, ஒம்மக வாலக் கொண்டுபோய் செவுத்துல தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக்கிக்கிச்சு, வந்து பாருன்னாரு. போய் பாத்தா பாக்கியத்தோட பிடரி பழைய டூத்பிரஷ் மாதிரி அங்க ஒண்ணு இங்க ஒண்ணா குத்திட்டு நிக்குது, வாலோட மேல்பாகம் மொழு மொழுன்னு எலிவால், தோலு தடிச்சு மடிப்பு மடிப்பா, சில எடத்துல தண்ணி கசியுது. வயித்துக்கு அடியில நடுக்கோட்டுல கூட பொடி பொடியா புண்ணு. எனக்கு அழுகையே வந்துருச்சு, நம்ம பொண்ணு தலைய யாரோ கத்தியால செரச்சு விட்ட மாதிரி.

அப்புறம் ஆரம்பிச்சது செலவு. உங்களுக்கும் உதவும்னுதான் சொல்றேன், ஏன்னா குதிரைக்கு முடி கொட்டுதுன்னு தேடினா மொதல்ல வர்றதெல்லாம் பாட்டில்தான்.

மொத பாட்டில் வேப்பெண்ண, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு எண்ணெக் கடைல. அம்மா கூட வந்து, தேங்காயெண்ணெயில கரிசலாங்கண்ணி போட்டு காச்சினது இருக்கே அதையும் வாங்கு, ஒனக்கு சின்ன வயசுல அதான் தேச்சேன்னு சொல்ல, குதிரைக்கு கூந்தல் தைலம் வாங்கின மொத ஆளு நானாத்தான் இருப்பேன். வேப்பெண்ண முழுசா வீண்னு சொல்ல மாட்டேன், எண்ணெ பூசின எடத்துல குட்டிப் பூச்சிங்க சட்டுனு வந்து உக்காராது, அது நெசம். ஆனா நம்ம ஊரு வெயில்ல, வேர்வைல, ஒரு மணி நேரத்துல வழிஞ்சு போயிருது, மரத்தூளு பூரா ஒட்டிக்கிது, நாத்தத்துல சைஸ் மாமா பக்கத்துலயே வர மாட்டேன்னுட்டாரு. இதுல பெரிய விஷயம் ஒண்ணு எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. புண்ணு மழை ஈரத்துனால வர்ற வகையா இருந்தா, அதான் ரெயின் ஸ்கால்டுன்னு சொல்றாங்க, டெர்மட்டோஃபிலஸ் கிருமி பண்றது, முதுகுல பொருக்கு பொருக்கா வந்து பிச்சா பெயிண்ட் பிரஷ் மாதிரி முடிக்கத்தையோட கையில வரும், அந்த மாதிரி புண்ணு மேல எண்ணெயப் பூசினா ஈரத்த உள்ள வெச்சு மூடி போட்ட கணக்குத்தான், கிருமிக்கு கொண்டாட்டம். அதுக்கு எண்ணெ கூடாது, காயணும். பாக்கியத்துக்கு அது இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ரெண்டாவது பாட்டில பத்தி பேசினா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆன்லைன்ல ஒரு ஆளு, பேரு வேணாம், பிடரி வளர்ற சீரம், 168 வெள்ளி, அதான் ரிங்கிட், 21 நாள்ல ரிசல்ட்டுன்னு போட்டிருந்தான். பாட்டில் வந்துச்சு, அழகான லேபிள், ஓடுற குதிரை படம், உள்ள என்ன இருக்குன்னு மட்டும் ஒரு எழுத்து இல்ல. கேட்டா ரகசிய பார்முலாவாம். ரகசியம் மோந்து பாத்தா லேவண்டர் வாசம். முடி வேர்ல வளர்றத குதிரையே அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ செவுத்துல தேய்ச்சு எடுத்துக்கிட்டிருக்கு, இதுல சீரம் என்ன பண்ணும் சொல்லுங்க? பொதுவா பிடரி முடி, வால் முடி எல்லாம் மாசத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கிட்டத்தான் வளரும், 21 நாள்ல எதையும் எவனும் காட்ட முடியாது. அப்ப எனக்கு அந்த கணக்கு தெரியல.

மூணாவதா குளோரெக்ஸிடின் ஷாம்பு. இது நல்ல சாமான், இத கொற சொல்ல மாட்டேன், இப்பவும் வெச்சிருக்கேன். சொறிஞ்சு புண்ணான எடத்துல பாக்டீரியா புகுந்து சீழ் வெச்சிருந்துச்சு, அத சுத்தமா அடக்கிருச்சு. ஒரே விஷயம், போட்டவுடனே கழுவக்கூடாது, ஒரு 10 நிமிஷம் நொரையோட ஊறணும். 10 நிமிஷம் குதிரைய ஒரே எடத்துல நிக்க வெச்சுப் பாருங்க, அப்பத்தான் தெரியும் 10 நிமிஷம்னா எவ்ளோ நீளம்னு. ஆனா பாருங்க, புண்ணு ஆறுது, அடுத்த வாரம் மறுபடியும் சொறியுது, மறுபடியும் புண்ணு. ஓட்ட வாளில தண்ணி புடிக்கிற கதை.

நடுவுல ஒரு தெரிஞ்சவரு சொன்னாருன்னு ஒரு ஸ்ப்ரே, பெர்மெத்ரின்ங்கிற பூச்சிமருந்து போட்டது. குதிரைக்கு பாதுகாப்புத்தான், ஆனா பூனைக்கு வெஷம், வெளையாட்டு இல்ல, நெசமாவே உசிருக்கே ஆபத்து. எங்க ஸ்டேபல்ல வைக்கோல் மேல படுத்துக் கெடக்குற ரெண்டு பூனை, அதுல ஒண்ணு பாக்கியத்தோட முதுகுலயே தூங்கும். நல்லவேள பின்னாடி வந்த குதிரை டாக்டரம்மா பாட்டில பாத்துட்டு சத்தம் போட்டாங்க. ஸ்டேபல்ல பூனை இருந்தா லேபிள மொதல்ல படிங்க தயவுசெஞ்சு.

டாக்டரம்மா வந்ததுதான் திருப்பம். அதுக்கு முன்னாடி ஒரு கிளினிக்கு போட்டோ அனுப்பினேன், அவங்க போட்டோவ பாத்தே ரிங்வோர்ம், அதான் பூஞ்சையால வர்ற படர்தாமரைன்னு சொல்லி க்ரீம் எழுதிக்குடுத்துட்டாங்க, குதிரை சைஸுக்கு அந்த குட்டி டியூப் ஒரு நாளைக்கு மூணு வேணும். இந்தம்மா குதிரைக்குன்னே ஸ்டேபல் ஸ்டேபலா போறவங்க. வந்தவுடனே மருந்துப்பையத் தொறக்கல, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, எந்நேரத்துல சொறியுது? நான் சைஸ் மாமாவப் பாத்தேன், மாமா என்னப் பாத்தாரு. எப்பவுந்தாம்மான்னாரு. எப்பவும்னு எதுவும் இல்ல, உக்காந்து பாத்து சொல்லுங்கன்னுட்டு, தோலைச் சொரண்டி எடுத்தாங்க சிலந்திப்பூச்சி மாதிரி குட்டிக் குட்டி மைட் இருக்கான்னு மைக்ராஸ்கோப்புல பாக்க, கொஞ்சம் முடிய வேரோட புடுங்கி எடுத்தாங்க பூஞ்சைக்கு, அப்புறம் வாலத் தூக்கி ஆசனவாய் ஓரத்துல செல்லோடேப்ப ஒட்டி எடுத்தாங்க. அது பின்வோர்ம் முட்டைக்காம், அந்தப் புழு இருந்தாலும் குதிரை வால மட்டும் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். எனக்கு ஆச்சரியமா போச்சு, 40 காசு டேப்புல ஒரு டெஸ்ட்டு, நான் 168 வெள்ளிக்கு லேவண்டர் தண்ணி வாங்கி வெச்சிருக்கேன்.

ரிங்வோர்ம்னா பெரும்பாலும் அரிக்காதாம், வட்ட வட்டமா முடி கொட்டி செதிலா நிக்கும், சேணத்துப் பெல்ட்டு படுற எடத்துல, மொகத்துல வரும், ஒரே பிரஷ்ஷ எல்லா குதிரைக்கும் போட்டா வரிசையா எல்லாத்துக்கும் வரும், நமக்கும் ஒட்டிக்கும். பக்கத்து ஸ்டால் பையனுக்கு கையில ஒரு வட்டம் வந்துச்சு, அது இந்தக் கதை இல்ல, விடுங்க.

சைஸ் மாமா மூணு நாள் தே தாரிக் டீ பாக்கெட்டோட ஸ்டூல் போட்டு உக்காந்தாரு. மூணாவது நாள் போன். பாப்பா, மத்தியானம் சும்மா நிக்குது, சாயங்காலம் 6 மணிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும், அப்புறம் விடியக்காலைல வெளக்கு போடறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு நேரந்தான் பேய் புடிச்ச மாதிரி தேய்க்குது, அந்த நேரத்துல என் காதும் அரிக்குது. அரிக்கறதுக்கு காரணம் என்ன மாமான்னேன். என்ன, அகாஸ்தான், இந்த ஓடையில மழைக்கு ஊறுதுன்னாரு. 

அகாஸ்னு நம்ம இங்க சொல்றோமே, கண்ணுக்கே சரியா தெரியாம கடிச்சுட்டுப் போற அந்த மில்லிமீட்டர் சைஸ் பூச்சி, டாக்டருங்க குலிகாய்டஸ்னு சொல்றாங்க, அதுதான். ரத்தம் குடிக்கிறது பொம்பளப் பூச்சி மட்டும். கடிக்கும்போது அதோட எச்சில் குதிரைத் தோலுக்குள்ள போகுது, அந்த எச்சிலுக்கு சில குதிரைங்களுக்கு அலர்ஜி. ஸ்வீட் இட்ச்சுன்னு பேரு, என்ன ஸ்வீட்டோ. 12 குதிரையையும் கடிக்கிது, பாக்கியத்துக்கு மட்டும் இந்தப் பாடு, ஏன்னா அலர்ஜி பரம்பரையா வர்றதும் இருக்கு, ஒடம்புவாகுன்னு இருக்கு. ஐஸ்லாந்து குதிரைங்கள டாக்டரம்மா உதாரணம் சொன்னாங்க, அந்தப் பூச்சி இல்லாத ஊர்ல பொறந்து வளந்ததுங்கள வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணா நெறைய குதிரைக்கு இதே சொறி புடிச்சுக்குதாம், அதே எனம் வெளிநாட்டுலயே பொறந்தா அவ்வளவா வர்றதில்லயாம். பாக்கியமும் கப்பல்லயோ பிளேன்லயோ வந்தவதான், பாவம்.

ஸ்டீராய்டு ஊசி ஒரு சின்ன கோர்ஸ் குடுத்தாங்க, அரிப்பு நிக்க. ஆனா இத தொடர்ந்து குடுத்துக்கிட்டே இருக்க முடியாது, குளம்புக்குள்ள வர்ற லாமினைட்டிஸ்ங்கிற நோயைக் கெளப்பி விட்டுரும், குதிரைக்கு குளம்பு போச்சுன்னா எல்லாம் போச்சு. பென்சைல் பென்சோயேட் 25 சதவீதம் லோஷன், அதான் மனுஷங்களுக்கு சொறி சிரங்குக்கு ஃபார்மசில சல்லிசா கெடைக்குமே, அத பிடரிலயும் வால்லயும் பூசச் சொன்னாங்க, ஆனா புண்ணு ஆறின பிறகுதான், பச்சைப் புண்ணுல பட்டா எரிச்சல்ல குதிரை ஒதச்சுரும். அப்புறம் எல்லாம் முடிச்சு காடில ஏறும்போது, கதவ சாத்திக்கிட்டே, ஒரு நல்ல ஃபேன் வாங்கிப் போடுங்க, பெருசான்னாங்க. அந்தப் பூச்சிக்கு பறக்கத் தெம்பு கம்மி, காத்து அடிச்சா கிட்ட வர முடியாது. அவ்ளோதான். இவ்ளோ பெரிய கதைக்கு ஒரு வரி பதில்.

இப்ப ஃபேனுக்கு வர்றேன்.

ஜாலான் பாசார், புடு பக்கம், எலக்ட்ரிக்கு சாமானுக்கு அப்பா காலத்துலேர்ந்தே அங்கதான். மூணு கடை ஏறி எறங்கினேன். மொத ரெண்டு கடைல வீட்டு ஸ்டாண்டு ஃபேனக் காட்டி இதே போதும்னாங்க, 90 வெள்ளி. இங்கதான் கவனமா இருக்கணும், டாக்டரம்மாவும் தனியா மெசேஜ் போட்டு சொன்னாங்க, வீட்டு ஃபேன் மோட்டார் தொறந்த மோட்டாரு, ஸ்டேபல்ல பறக்குற வைக்கோல் தூசி, மரத்தூளு எல்லாம் உள்ள போய் அடைச்சு சூடேறி தீப்புடிக்கும், வைக்கோலுக்கு பக்கத்துல தீ எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. முழுசா மூடின மோட்டார்தான் வேணும். மூணாவது கடை தவுக்கே வயசானவரு, நல்ல தமிழ் பேசினாரு, செந்தூல்ல வளந்தவராம். குதிரைக்கான்னு சிரிச்சாரு, சிரிச்சுட்டு ஸ்டூல் போட்டு ஏறி மேல இருந்து டப்பாவ எறக்கினாரு. 26 இன்ச், மூடின மோட்டார், இரும்பு வலை, சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் ஒட்டிருந்துச்சு, 200 வாட்டு. 320 சொன்னாரு, 289-க்கு குடுத்தாரு. குதிரை ஜெயிச்சா சொல்லுன்னாரு, அது ரேஸ் ஓடறதில்ல அங்கிள்னேன், அப்ப 300-ன்னு சொல்லி சிரிச்சாரு, ஆனா 289 தான் வாங்கினாரு.

காத்து பிரமாதம். மூணு ஸ்பீடு, ஒண்ணுல வெச்சாலே 12 அடி ஸ்டால் பூரா காத்து நிக்கும். ஸ்டால் கதவு பக்கத்துல இருந்து கொஞ்சம் சாய்வா, பாக்கியத்தோட பிடரியும் வாலும் ரெண்டும் காத்துல படற மாதிரி வெச்சோம். எங்க வைக்கறோங்கிறதுல நாலு நாள் போச்சு, ஏன்னா மொத நாள் நேரா மொகத்துக்கு வெச்சதுல அது கோவிச்சுக்கிட்டு பின்பக்கத்தக் காட்டி நின்னுச்சு, வாலுக்கு காத்து கெடச்சுச்சு, பிடரிக்கு இல்ல. சாயங்காலம் 5.30-க்கு போட்டு காலைல 8 மணிக்கு அணைக்கிறோம், கணக்கு போட்டா ராத்திரிக்கு 3 யூனிட்டுக்கு உள்ளதான். ஸ்டேபல்காரர் மொதல்ல கரண்டு பில்லுன்னு மொனகினாரு, மாசம் 60 வெள்ளி தர்றேன்னதும் மொனகல் நின்னுச்சு.

வயரு விஷயத்துல மட்டும் யாரும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எக்ஸ்டென்ஷன் வயர தரையில இழுத்து விட்டா எலி கடிக்கும், குதிரை மிதிக்கும், ஈரத்தரை வேற. வயர்மேனக் கூப்பிட்டு, செவுத்துல குழாய்க்குள்ள வயரு, குதிரை மூக்கு எட்டாத ஒயரத்துல பிளக்கு, லீக் ஆனா ட்ரிப் ஆகுற பிரேக்கர் போட்டாச்சு. 180 வெள்ளி ஆச்சு. ஃபேன் விலையோட இதையும் சேத்துத்தான் பாக்கணும், அப்ப 469.

ரிசல்ட்டுக்கு வர்றேன். மொத வாரத்துலயே ராத்திரி தேய்க்கறது பாதியாச்சு, சைஸ் மாமா செவுத்துல ஒட்டிருக்கிற முடிய தெனம் பாத்து சொல்வாரு, அதான் எங்க மீட்டரு. மூணாவது வாரம் செவுத்துல முடியே இல்ல. ரெண்டாவது மாசம் பிடரில பூனை மீசை மாதிரி புது முடி, நான் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினா, பாத்தியா, கரிசலாங்கண்ணின்னு அம்மா. வாதாடல. 8 மாசத்துல பிடரி 15 சென்டிமீட்டர் கிட்ட வந்துருச்சு, வாலு மேல்பாகம் மூடிருச்சு, தோலு மடிப்பு மட்டும் கொஞ்சம் இருக்கு, அது போக இன்னும் நாளாகும்னாங்க. ஃபேன் மட்டுமே பண்ணிச்சுன்னு சொல்ல மாட்டேன், 6 மணிக்கு முன்னாடியே மைதானத்துலேர்ந்து உள்ள கட்டறோம், சாணிய தெனம் ரெண்டு தடவ அள்றோம், ஓடைப் பக்கம் தேங்கின சேத்துல மண்ணப் போட்டு மேடாக்கினோம், அந்த ஈரச் சேறுலதான் அது முட்டை வைக்கும், வாரம் ரெண்டு தடவ லோஷனும் பூசறோம். ஆனா ரெண்டு தடவ கரண்டு போச்சு ராத்திரில, ரெண்டு தடவயும் மறுநாள் காலைல செவுத்துல முடி. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இன்னொண்ணு, இது எதிர்பாக்காத லாபம். நம்ம ஊரு சூட்டுல சில குதிரைக்கு வேர்க்கறதே நின்னுரும், டிரை கோட்டுன்னு அப்பா சொல்வாரு, தோலு காஞ்சு நெத்தியில மொகத்துல முடி கொட்டும், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். குளுரு நாட்டுலேர்ந்து வந்த ரேஸ் குதிரைங்களுக்கு ரொம்ப வரும். அப்பா காலத்துல அதுக்கு தீவனத்துல ஸ்டவுட்டு பீரு ஊத்துவாங்களாம், அதுல பாதி யாரு குடிச்சாங்கன்னு அம்மா கேக்கும். பாக்கியத்துக்கு எதிர் ஸ்டால்ல ஒரு கிழட்டுக் குதிரைக்கு அந்தப் பிரச்சினை இருந்துச்சு, எங்க ஃபேனோட மிச்சக் காத்து அதுக்கும் போகுது, இப்ப மூச்சு வாங்கறது கொறஞ்சிருக்குன்னு அதோட சொந்தக்காரரு சொல்றாரு. காசு மட்டும் பங்கு தரல.

அப்புறம் 2020-ல தாய்லாந்துல ஆப்பிரிக்க குதிரை நோய் வந்து 500-க்கு மேல குதிரைங்க செத்துச்சே, அதப் பரப்பினதும் இதே அகாஸ் கூட்டந்தான். நம்ம பக்கத்து நாடு. அத நெனச்சா 469 வெள்ளி எனக்கு பெருசா தெரியல.

ஆனா ஒண்ணு, முடி கொட்டற எல்லா குதிரைக்கும் போய் ஃபேன் வாங்கிராதீங்க. எங்க ஸ்டேபல்லயே ஒரு குட்டி போனி, ஒரு சீன ஆண்ட்டியோடது, பேரு பெப்பர், அதுக்கும் பிடரியும் வாலும் கொட்டிச்சு. ஆண்ட்டி என் கதையக் கேட்டு ஃபேன் வாங்கப் போயிட்டாங்க, நாந்தான் நிறுத்தி, ஆண்ட்டி, அது சொறியுதான்னு கேட்டேன். சொறியவே இல்ல. செவுத்துல ஒரு முடி இல்ல, தோலு வழவழன்னு சுத்தமா இருக்கு, முடிய லேசா இழுத்தா கத்தையா கையோட வருது, குளம்புல வேற வரி வரியா. அப்பறம் பாத்தா வேலி ஓரத்துல இருக்கிற பெத்தாய் பெலாலாங் கெளைய வேலைக்காரப் பையன் தெனமும் வெட்டிப் போட்டிருக்கான், பச்சையா நல்ல தீவனம்னு நெனச்சு. ஊர்ல ஆட்டுக்குப் போடுவாங்களே சவுண்டல், சூபாபுல்னும் சொல்வாங்க, அதே மரந்தான். அதுல மைமோசின்னு ஒரு சத்து, சத்துன்னு சொல்லக்கூடாது, வெஷம், முடி வேர்ல வளர்றதையே நிறுத்திரும், எளந்தளிர்லயும் வெதைலயும் ஜாஸ்தி. 

ஆடு மாடு திங்குதே ஒண்ணும் ஆகலியேன்னு பையன் கேட்டான், நல்ல கேள்வி. ஆடு மாட்டுக்கு மொத வயித்துல அந்த வெஷத்த முறிக்கிற பாக்டீரியா இருக்க வாய்ப்பிருக்கு, ஹவாய்ல ஆடுங்க சாப்பிட்டும் நல்லா இருக்கறதப் பாத்துத்தான் ரேமண்ட் ஜோன்ஸ்ங்கிற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அத கண்டுபுடிச்சு தன் நாட்டு மாட்டுக்கு கொண்டுபோனாரு, அந்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியைனு அவரு பேரையே வெச்சிட்டாங்க. குதிரைக்கு அந்த மொத வயிறே கெடையாது. அதே ஹவாய்ல இந்த மரத்தத் தின்ன குதிரைங்க மொட்டையாத்தான் திரிஞ்சுச்சு. கெளை போடறத நிறுத்தினாங்க, வேலி ஓரத்த வெட்டினாங்க, பெப்பருக்கு இப்ப மெல்ல வளருது. செலவு ஒரு பாராங் கத்தி. அந்த ஆண்ட்டி எனக்கு ஒரு டப்பா குவே பலகாரம் கொண்டாந்து குடுத்தாங்க, நான் மேதாவி ஆயிட்டேன்னு சைஸ் மாமா கிண்டல்.

சரி, அந்த ஒரு மார்க்கு. சத்தம். மூணாவது ஸ்பீடுல போட்டா ஹெலிகாப்டர் எறங்கற மாதிரி, மொத நாள் ராத்திரி நாலு குதிரை மெரண்டு கதவ ஒதச்சுச்சு, ரெண்டு நாள் பகல்ல மெதுவா ஓட்டிப் பழக்கி அப்பறந்தான் ராத்திரிக்கு போட்டோம். பழகாம நேரா போட்டுராதீங்க. இன்னொன்னு ஸ்டாண்டு, காலு அகலம் பத்தல, எங்க தரை வேற சரிவு, ஒரு தடவ பாக்கியம் மூக்கால தள்ளி சாய்ச்சுருச்சு, நல்லவேள வலை தாங்கிச்சு. இப்ப செவுத்துல இரும்பு பிராக்கெட் அடிச்சு மேல ஏத்திட்டோம், ஸ்டாண்டு மூலையில சும்மா கெடக்கு, பூனை அது மேல ஏறி ஒக்காந்துக்குது. கடைலயே செவுத்துல மாட்டற மாடல் இருந்துச்சு, 20 வெள்ளி ஜாஸ்தி, நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க அத வாங்கிக்குங்க. வலைய வாரம் ஒருதடவ கழட்டி தூசி தட்டணும், தட்டலைன்னா பத்தே நாள்ல கம்பளி போத்தின மாதிரி ஆயிரும், காத்தும் கொறையும். கழட்டறதுக்கு எட்டு ஸ்குரூ, எந்தப் புண்ணியவான் எட்டு ஸ்குரூ வெச்சான்னு தெரியல, கிளிப் வெச்சிருந்தா நானே முழு மார்க்கு போட்டிருப்பேன்.

துருவுக்கும் ஒரு வார்த்தை. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா காத்துல வலையோட பெயிண்டு ஆறாவது மாசமே அங்கங்க உரிய ஆரம்பிச்சுருச்சு, ஒரு டப்பா ஸ்ப்ரே பெயிண்டு அடிச்சோம், வெளிய எடுத்துட்டுப் போய்த்தான், குதிரை பக்கத்துல இல்ல. மோட்டார் இதுவரைக்கும் ஒரு கோளாறு இல்ல.

அடுத்த மாசம் எதிர் ஸ்டால்காரருக்கு ஒண்ணு வாங்க ஜாலான் பாசாருக்கு போறோம், இந்தத் தடவ செவுத்து மாடல், காசு அவருது. தவுக்கே 289-க்கு குடுக்கலைன்னா பாக்கியத்தோட புது வால் போட்டோவக் காட்டலாம்னு இருக்கேன்.